அழுத்தம் ஊர் தாண்டுமா?

(ஓவியமும் அனிமேஷனும் பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஓவியன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவியர்கள் உட்காரும் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ‘சார், பேனா வேலை செய்யவில்லை’ என்று யாராவது கூப்பிட்டால் மேசைக்கு அடியில் குனிந்து ஒயரைத் தேடுகிற ஆள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்த பிறகு அந்தப் புகாரின் வாசகம் மாறியது. ‘சார், பேனா வேலை செய்கிறது, ஆனால் கோடெல்லாம் ஒரே தடிமனாக வருகிறது.’ பென் டேப்லெட் ஓவியர் வீட்டில் இருந்தது. ஃபோட்டோஷாப்போ கிரிட்டாவோ, ஏதோ ஒரு ஓவிய மென்பொருள் ஓடும் கணினி ஸ்டூடியோவில் இருந்தது. நடுவில் இணையம். மேசைக்கு அடியில் குனிந்து பயனில்லை.

இன்றைய பேச்சு முழுக்க அந்த ஒரு புகாரைப் பற்றியதுதான். படிப்பை முடித்ததும் உங்களில் பலர் இந்த நிலைமையில் வேலை செய்யப் போகிறீர்கள். வெளிநாட்டுப் படங்களின் விஎஃப்எக்ஸ் வேலை சென்னைக்கும் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் வருகிறது. படம் வெளியாவதற்கு முன்னால் ஒரு ஃப்ரேம்கூட வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அதனால் கோப்பை உங்கள் மடிக்கணினிக்கு அனுப்ப மாட்டார்கள். கோப்பு, மென்பொருள், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் அங்கேயே பூட்டின அறைக்குள் இருக்கும். அங்குள்ள திரை வீடியோவாக உங்களிடம் வரும். பதிலுக்கு உங்கள் கை அங்கே போக வேண்டும். அந்தக் கை வழியில் எதைத் தொலைக்கிறது, எங்கே தொலைக்கிறது என்று பார்ப்போம்.

முதலில், பேனா என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1983இல் ஜப்பானில் தொடங்கிய வாக்கம் நிறுவனம் பிரபலமாக்கிய முறை இது. பேனாவுக்குள் பேட்டரி கிடையாது. ஒரு சிறிய சுருளும் கெப்பாசிட்டரும் இருக்கின்றன. டேப்லெட்டின் அடியில் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை ஒரு அலையை அனுப்புகின்றன, பேனாவின் சுற்று அதற்கு ஒத்ததிர்ந்து பதில் அலை தருகிறது. எந்தக் கம்பிக்குப் பதில் பலமாக வந்ததோ அங்கே பேனா இருக்கிறது. முனையை அழுத்தினால் அந்தச் சுற்றின் அளவு சற்று மாறும், பதில் அலையும் மாறும், அந்த மாற்றம்தான் அழுத்தம். சாய்வும் இந்தப் பதில் அலையிலிருந்துதான் தெரிகிறது. வாக்கத்தின் இன்டுவோஸ் புரோ மாதிரியான டேப்லெட் அதிகபட்சம் நொடிக்கு 200 முறை இந்த அறிக்கையைத் தரும். அழுத்தத்துக்கு 8192 படிகள். (அந்த 8192ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள். அது கடைக்காரர் சொல்லும் எண். 2048 படி உள்ள பழைய டேப்லெட்டில் வரைந்த கோட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.)

ஒரு அறிக்கையின் அளவு பத்துப் பன்னிரண்டு பைட்டுகள்தான். நொடிக்கு 200 என்றால் இரண்டு, இரண்டரை கிலோபைட். பழைய டயல்-அப் மோடமே இதைச் சுமந்துவிடும். எதிர்த் திசையைப் பாருங்கள். 1920க்கு 1080 திரையில் இருபது லட்சத்துக்கு மேல் பிக்சல்கள். பிக்சலுக்கு மூன்று பைட், நொடிக்கு 60 ஃப்ரேம் என்று கணக்குப் போட்டால் 370 மெகாபைட் தாண்டுகிறது. அதைக் கசக்கிப் பிழிந்து இருபது, முப்பது மெகாபிட்டுக்குள் அடக்கித்தான் அனுப்புகிறார்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்களை எழுதியவர்களின் மூளை முழுவதும் இந்தப் பெரிய பாரத்தின் மீதே இருந்தது. கையிலிருந்து போகும் சின்னப் பாரத்தை யாரும் கவனிக்கவில்லை. கோடு ஒரே தடிமனாக வருவதற்கு மூல காரணம் அதுதான். இணைய வேகத்தைக் குறை சொல்வது பெரும்பாலும் வீண்பழி.

தொலைவில் இருக்கும் கையை எழுத வைக்கும் ஆசை கணினியைவிடப் பழையது. தொலைபேசிக் காப்புரிமையில் கிரகாம் பெல்லோடு மோதிய எலிஷா கிரே 1888இல் டெலாட்டோகிராஃப் என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கே பேனாவால் எழுதினால் அதன் அசைவு இரண்டு திசைகளாகப் பிரிந்து மின்துடிப்பாகக் கம்பியில் போகும். அந்த முனையில் இன்னொரு பேனா அதே எழுத்தை மையால் எழுதும். 1893 சிகாகோ கண்காட்சியில் அதை மக்கள் பார்த்தார்கள். பிற்பாடு வங்கிகளும் ரயில் நிலையங்களும் பயன்படுத்தின. பேனா தாளில் இருக்கிறதா, தூக்கியிருக்கிறதா என்பதும் அதில் போனது. எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பது போகவில்லை. கையெழுத்துக்கு அது போதும். 1964இல் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனம் செய்த டேப்லெட்டும் அதே கதைதான். பத்து அங்குலச் சதுரத்தில் பத்து லட்சம் புள்ளிகளை அது பிரித்தறிந்தது. ஆனால் பேனா முனையில் இருந்தது வெறும் ஒரு சுவிட்ச்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1990களின் பின்பாதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி-ஆரக்கிள் ஆய்வுக்கூடத்தில் வி.என்.சி. உருவானது. அருமையான எளிமை. எந்தக் கணினியின் திரையையும் எந்தக் கணினியிலும் பார்க்கலாம். அது பேசும் மொழியின் விதிகள் 2011இல் ஆர்.எஃப்.சி. 6143 என்று முறையாக வெளியாயின. அதில் சுட்டியின் அசைவைச் சொல்லும் செய்தி எப்படி இருக்கும் தெரியுமா? மொத்தம் ஆறு பைட். உங்கள் பேனா திரையில் இடமிருந்து 800ஆவது, மேலிருந்து 450ஆவது பிக்சலில் அழுத்தப்பட்டிருந்தால் கம்பியில் போவது இந்த ஆறு எண்கள்: 5, 1, 3, 32, 1, 194. முதல் 5, ‘இது சுட்டிச் செய்தி’ என்று பொருள். அடுத்த 1, ‘முதல் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது.’ பிறகு 3, 32 சேர்ந்து 800. 1, 194 சேர்ந்து 450. செய்தி முடிந்தது. நீங்கள் இறகுபோல் தொட்டிருந்தாலும் முனை மழுங்க அழுத்தியிருந்தாலும் அதே ஆறு எண்கள்தான். மணியார்டர் படிவத்தில் இல்லாத கட்டத்தை எழுத்தர் எப்படி நிரப்புவார்? அழுத்தத்துக்கு அங்கே கட்டமே இல்லை.

இன்னொரு நஷ்டமும் அந்த ஆறு எண்களில் இருக்கிறது, இது பலர் கண்ணில் படுவதில்லை. நடுத்தர அளவு இன்டுவோஸ் புரோவின் வரையும் பரப்பு 224 மில்லிமீட்டர் அகலம், அங்குலத்துக்கு 5080 கோடு நுணுக்கம். அதாவது குறுக்கே சுமார் 44,800 படிகள். திரையோ 1920 பிக்சல். ஒரு பிக்சலுக்குள்ளேயே இருபத்து மூன்று இடங்களைப் பேனா பிரித்துச் சொல்கிறது. வி.என்.சி. முழு எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும். எட்டாயிரம் பிக்சல் அகல ஓவியத்தைத் திரைக்குள் அடங்கச் சுருக்கி வைத்து நீளமாக ஒரு வளைவை இழுத்தால், பெரிதாக்கிப் பார்க்கும்போது படிக்கட்டு தெரியும். பேனாவைக் கொடுத்துவிட்டு மவுஸை வாங்கியதற்கான கூலி அது.

இதோ திரையைப் பாருங்கள். கிரிட்டாவின் அமைப்புகளில் டேப்லெட் பகுதிக்குள் ஒரு சோதனைச் சாளரம் இருக்கிறது. அதில் கிறுக்கினால் வருகிற ஒவ்வொரு செய்தியையும் எழுதிக் காட்டும். இப்போது நேரடியாக, நெட்வொர்க் இல்லாமல் ஒரு கோடு. ‘ஸ்டைலஸ்’ என்று வருகிறது, பக்கத்தில் அழுத்தம் 4 சதவீதம், 11, 26, 58, 71, பிறகு இறங்குகிறது. அதே டேப்லெட்டில், வி.என்.சி. வழியாக அடுத்த மேசையில் இருக்கும் கணினியில் அதே கோடு. இப்போது ‘மவுஸ்’ என்று வருகிறது. அழுத்தம் என்ற எண்ணே இல்லை. ஓவிய மென்பொருள் மவுஸைப் பார்த்தால் முழு அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். நுனியிலிருந்து நுனி வரை ஒரே தடிமன் வருவது அதனால்தான். இரண்டு கணினிக்கும் நடுவில் இருப்பது இரண்டு மீட்டர் கேபிள். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வேலைக்குச் சேரும் முதல் நாள் வேறு எதையும் திறப்பதற்கு முன் இந்தச் சாளரத்தைத் திறந்து பாருங்கள். அதில் மவுஸ் என்று வந்தால் பிரஷ்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை, டேப்லெட்டைக் கழற்றி மாட்டியும் பயனில்லை.

வி.என்.சி.க்கு அழுத்தத்தையும் சேர்த்து அனுப்பும் நீட்சி ஒன்றைப் பின்னால் எழுதியிருக்கிறார்கள். இரு முனையிலும் உள்ள மென்பொருளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், நடைமுறையில் அது அபூர்வம்.

ஆச்சரியம் என்னவென்றால், இதற்கு முன்னாலேயே ஒரு நல்ல வழி இருந்தது. 1984இல் எம்.ஐ.டி.யில் தொடங்கி, 1987இல் பதினோராம் பதிப்பாக நிலைபெற்ற எக்ஸ் விண்டோ. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளின் திரையை நிர்வகிப்பது. நிரல் ஒரு கணினியில் ஓடும், அதன் சாளரம் இன்னொரு கணினியில் தெரியும் என்பதை அது ஆரம்பத்திலிருந்தே அடிப்படையாக வைத்திருந்தது. 1990களிலேயே அதற்கு உள்ளீட்டுக் கருவிகளுக்கான நீட்சி வந்துவிட்டது. அதில் ஒரு கருவிக்கு எத்தனை அச்சுகள் வேண்டுமானாலும் இருக்கலாம். கிடை, நெடுக்கு, அழுத்தம், சாய்வு, அதற்கு மேல் எது இருந்தாலும் வரிசையாக அறிவித்துக்கொள்ளலாம். அதனால் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான வழியாக, நம்பகமான இணைப்பு என்ற வகையில், தொலைவிலுள்ள கணினியின் ஜிம்ப் என்ற ஓவிய மென்பொருளை உங்கள் திரையில் திறந்தால் அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். ஜிம்ப்பின் இரண்டாம் வரிசைப் பதிப்புகளில் உள்ளீட்டுக் கருவிகள் பட்டியலைத் திறந்து, பேனாவுக்கு எதிரே ‘முடக்கம்’ என்றிருப்பதைத் ‘திரை’ என்று மாற்ற வேண்டும். அதை மறந்துவிட்டு நெட்வொர்க்கைத் திட்டியவர்கள் ஏராளம்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. கை ஒழுங்காகப் போகும், படம் திரும்பி வருவதுதான் திண்டாட்டம். ஓவியப் பரப்பில் மாறிய பகுதியைக் கசக்காமல் பச்சைப் பிக்சலாக அனுப்பும். தொடங்கும்போது ‘இந்த வசதி உண்டா, அந்த வண்ணம் உண்டா’ என்று நூற்றுக்கணக்கில் கேள்வி-பதில் நடக்கும், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரும் வரை காத்திருக்கும். ஒரே கட்டடத்துக்குள் அது சுகம். வீட்டு பிராட்பேண்டில் ஜிம்ப் திறப்பதற்குள் காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிடலாம். லினக்ஸ் உலகம் இப்போது எக்ஸிலிருந்து வேலண்டுக்கு மாறுகிறது. அதன் அடிப்படை வடிவமைப்பில் நெட்வொர்க் வழியைச் சேர்க்கவில்லை, தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். முன்னேற்றம் என்ற பேரில் கையில் இருந்ததை விட்ட இடங்களில் அது ஒன்று என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பிறகு என்னோடு சண்டை போடலாம்.

விண்டோஸில் வேலை செய்கிறவர்கள்தான் இங்கே அதிகம். அங்கே சிக்கல் வேறு மாதிரி. பேனாவின் பேச்சை மென்பொருளிடம் சேர்க்க அங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. 1991இல் வந்த வின்டேப், மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் இங்க். வின்டேப் முழுக்க முழுக்க டேப்லெட் நிறுவனத்தின் டிரைவரைச் சார்ந்தது. தொலைவிலுள்ள கணினியில் டேப்லெட்டே மாட்டியிருக்கவில்லை, டிரைவர் யாருக்காகப் பேசும்? மென்பொருள் வின்டேப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு மவுஸ் மட்டும்தான் தெரியும். மைக்ரோசாஃப்ட்டின் தொலைத்திரை நெறியான ஆர்.டி.பி. நெடுங்காலம் கிடை, நெடுக்கு, பொத்தான் என்றே பேசிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 8 வந்த 2012 வாக்கில் தொடுதிரைக்காகத் தனி வழி திறந்தார்கள், பிறகு அதே வழியில் பேனாவும் ஏறியது. அழுத்தம், சுழற்சி, சாய்வு எல்லாம் போகும். அது விண்டோஸ் இங்க் பாதை. ஆகவே தொலைவிலிருந்து வரையும்போது கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் வின்டேப் தேர்ந்தெடுத்திருந்தால் விண்டோஸ் இங்க் பாதைக்கு மாற்றிப் பாருங்கள். ஃபோட்டோஷாப் சி.சி. 2014இலிருந்து விண்டோஸின் பேனா வழியையே எடுத்துக்கொள்கிறது. வீட்டுக் கணினியில் பேனா தகராறு செய்கிறது என்று யாரோ யூடியூபில் சொன்னதைக் கேட்டு, ஒரு சின்ன உரைக்கோப்பு எழுதி அதைப் பழைய வின்டேப்புக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். தொலைவில் வேலை செய்யும்போது அந்தக் கோப்புதான் எதிரி. விண்டோஸ் இங்க் 8192 படிகளை 1024 ஆகக் குறைத்துவிடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு முரட்டு வழி. டேப்லெட்டின் யு.எஸ்.பி. பேச்சை மொத்தமாக நெட்வொர்க்கில் ஏற்றிவிடுவது. ஜப்பானைச் சேர்ந்த தகாஹிரோ ஹிரோஃபுச்சி 2005இல் விளக்கிய யு.எஸ்.பி./ஐ.பி. இப்போது லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. இதில் தொலைக்கணினி, டேப்லெட் தன் முதுகில்தான் மாட்டியிருக்கிறது என்று நம்பும். அங்கேயே வாக்கம் டிரைவர் போடலாம், அழுத்தம், சாய்வு, பக்கவாட்டுப் பொத்தான் எதுவும் குறையாது. கேட்கும்போது இதுதான் சரியான வழி என்று தோன்றும். தொலைவு கூடும்போது ஒரு வினோதம் நடக்கும். யு.எஸ்.பி.யில் டேப்லெட் தானாகப் பேசாது, கணினி ‘ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்ட பிறகே பதில் சொல்லும். டிரைவர் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு கேள்வியைத்தான் நிலுவையில் வைத்திருக்கும். பதில் வந்த பிறகு அடுத்த கேள்வி. நெட்வொர்க்கில் போய்வர 50 மில்லிசெகண்டு ஆகிறது என்றால் நொடிக்கு இருபது கேள்விதான் போய்வர முடியும். வீட்டில் 200 அறிக்கை தந்த டேப்லெட் அங்கே 20 தருகிறது. வேகமாக ஒரு வட்டம் போட்டால் பல கோணங்கள் உள்ள உருவம் கிடைக்கும், அதன் ஒவ்வொரு முனையிலும் அழுத்தம் மிகச் சரியாக இருக்கும்!

விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோக்கள் அதிகம் பயன்படுத்தும் பி.சி.ஓ.ஐ.பி. நெறியில் இதனால்தான் வாக்கம் டேப்லெட்டுக்கு இரண்டு ஏற்பாடுகள் வைத்திருக்கிறார்கள். அதை உருவாக்கிய டெராடிச்சி நிறுவனத்தை 2021இல் எச்.பி. வாங்கிவிட்டது. ஒரு ஏற்பாடு, யு.எஸ்.பி.யை அப்படியே அந்தப் பக்கம் பாலம் போட்டு அனுப்புவது. போய்வரும் நேரம் 25 மில்லிசெகண்டைத் தாண்டினால் இது வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். இன்னொன்று, டேப்லெட்டின் பேச்சை உங்கள் பக்கத்திலேயே கேட்டு முடித்து, அறிக்கைகளை மட்டும் கோத்து அனுப்புவது. இதில் கேள்வி-பதில் கம்பியைத் தாண்டுவதில்லை. தொலைவு கூடினாலும் 200 அறிக்கையும் போகும், தாமதமாகப் போகும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து வேலை என்றால் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். அமேசானின் டி.சி.வி., பார்செக் போன்ற தொலைத்திரை மென்பொருள்களும் பேனாவைப் பேனாவாகவே எடுத்துச் செல்கின்றன. ஆனால் பல தொலைத்திரை மென்பொருள்கள் விளம்பரத்தில் ‘டேப்லெட் ஆதரவு உண்டு’ என்று எழுதியிருக்கும். வாங்கி மாட்டிப் பார்த்தால் கர்சர் நகரும். அதுதான் ஆதரவு. அப்படி ஒன்றை வாங்கிவிட்டு ஒரு மாதம் அல்லாடியவர்களில் நானும் ஒருவன். பணம் கொடுப்பதற்கு முன் ‘அழுத்தமும் சாய்வும் போகுமா’ என்ற வார்த்தைகளிலேயே கேளுங்கள்.

இப்போது தாமதம். அழுத்தம் ஊர் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், எப்போது போய்ச் சேர்கிறது? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். நூறு கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்வர ஒரு மில்லிசெகண்டு என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம், குறைந்தது பத்து மில்லிசெகண்டு. இழை நேர்கோட்டில் போவதில்லை, இடையில் ஏறி இறங்கும் கருவிகள் உண்டு, ஆகவே நடைமுறையில் இதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இயற்பியலே 140 மில்லிசெகண்டு கேட்கிறது. எந்த நிறுவனம் எவ்வளவு பணம் வாங்கினாலும் அதைக் குறைக்க முடியாது.

இதற்கு மேல் அந்தப் பக்கம் பிரஷ் கணக்குப் போடும் நேரம், திரையைப் பிடித்து வீடியோவாகச் சுருக்கும் நேரம், இங்கே விரிக்கும் நேரம், மானிட்டரின் அடுத்த ஃப்ரேமுக்குக் காத்திருக்கும் நேரம். மொத்தம் 100 மில்லிசெகண்டு ஆனால் என்ன ஆகும்? சாதாரண வேகத்தில் நொடிக்கு இருபது சென்டிமீட்டர் பேனா ஓடுகிறது என்றால் கோடு முனைக்கு இரண்டு சென்டிமீட்டர் பின்னால் இழுபட்டு வரும். ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன், ஆப்பிள் பென்சிலில் இந்தத் தாமதத்தை 20இலிருந்து 9 மில்லிசெகண்டாக 2019இல் குறைத்தார்கள். அந்தக் கணக்கில் இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதையும் குறைக்க அவர்கள் மெனக்கெட்டது ஓவியர்கள் கண்ணுக்கு அதுகூடத் தெரிகிறது என்பதால்தான்.

இதில் நான் கவனித்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். திரை மேலேயே வரைகிற டேப்லெட் இருக்கிறதே, சின்டிக் வகை, விலை அதிகம், எல்லோருக்கும் ஆசை. தொலைவேலைக்கு அதுதான் மோசம். முனைக்கும் மைக்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணெதிரிலேயே தெரியும். கை மேசையில், கண் மானிட்டரில் என்றிருக்கும் சாதாரண கறுப்பு டேப்லெட்டில் அதே தாமதம் அவ்வளவு உறுத்தாது. அடுத்தது, அனுபவசாலிகள் ஒரே இழுப்பில் போடும் வேகமான கோடு தாமதத்தில் கெடுவதில்லை. கை ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட பாதையில் அது போகிறது, கண்ணைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. பார்த்துப் பார்த்து மெதுவாக விளிம்பைத் தொட்டுப் போகும் கோடுதான் நடுங்கும். கண் பழைய நிலையைப் பார்த்துத் திருத்தச் சொல்கிறது, கை அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறது, மறுபடி திருத்துகிறது. அதனால் மேட் பெயின்டிங்கில் மேகம், மலை, மூடுபனி என்று பெரிய மென்மையான பிரஷ்ஷில் வேலை செய்பவர்கள் 80, 100 மில்லிசெகண்டில் சமாளித்துவிடுகிறார்கள். முகத்தின் கண்ணிமையைக் கோட்டோவியமாகச் செய்பவர் அதில் பாதியிலேயே தலையில் கை வைத்துவிடுகிறார்.

நிலையான தாமதத்துக்குக் கை பழகிவிடும். ஒரு கணம் 40, அடுத்த கணம் 120 என்று ஏறி இறங்கினால் பழக முடியாது. வைஃபையில் இது சகஜம், பக்கத்து வீட்டு வைஃபையும் அதே காற்றில்தான் இருக்கிறது. அறிக்கைகள் கொஞ்ச நேரம் தேங்கி, பிறகு கும்பலாக வந்து விழும். சில நிரல்கள் தேங்கியதில் நடுவில் உள்ளவற்றைத் தூக்கியெறிந்துவிட்டுக் கடைசியை மட்டும் எடுத்துக்கொள்ளும், வளைவு வெட்டுப்படும். வேகத்தை வைத்துத் தடிமனை மாற்றும் பிரஷ் இன்னும் வேடிக்கை. நீங்கள் நிதானமாக இழுத்த கோட்டில் ஐந்தாறு புள்ளிகள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததும் அது ‘ஆஹா, மின்னல் வேகம்’ என்று நினைத்து மெலிந்துவிடும், அடுத்த நொடி தடிக்கும். பிரஷ்ஷில் வேகத்தை நம்பும் அமைப்பு எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள், அழுத்தத்தை மட்டும் நம்புங்கள். கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரையும் குறைத்து வையுங்கள். அது தன் பங்குக்கு இன்னும் தாமதத்தைச் சேர்க்கும். இவ்வளவுக்கும் முன்னால், மோடத்திலிருந்து கணினிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். பல பேருக்கு நான் செய்த மொத்த வைத்தியமே அதுதான்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. திரும்பி வரும் வீடியோ பெரும்பாலும் 4:2:0 என்ற முறையில் வரும். வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் சொல்லி, நிறத்தை நாலு பிக்சலுக்கு ஒன்றாகச் சொல்வது. சினிமா பார்க்கப் போதும். நீலத்தின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு போடும் உங்களுக்குப் போதாது, விளிம்பு கலங்கித் தெரியும். கோப்பில் கோடு சுத்தமாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு வரும் படம்தான் பொய் சொல்கிறது. 4:4:4 என்ற அமைப்பு இருந்தால் கேளுங்கள். சில நெறிகள் கை அசையும்போது கலங்கலாகக் காட்டி, நிறுத்தியதும் படிப்படியாகத் தெளிய வைக்கும். அப்படியானால் நிறத்தைத் தீர்மானிக்கும்போது பேனாவை எடுத்துவிட்டு ஒரு கணம் பொறுங்கள். கலங்கலைப் பார்த்து நிறம் திருத்தி, மறுநாள் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் படம் அங்கே, கை இங்கே என்ற ஏற்பாடு. அதைத் தலைகீழாக்கிய மென்பொருள் ஒன்று இருக்கிறது: டிராபைல். பல ஊர்களில் இருப்பவர்கள் ஒரே பரப்பில் சேர்ந்து வரையலாம், கட்டற்ற மென்பொருள். அது திரையை வீடியோவாக அனுப்புவதே இல்லை. ‘இந்த பிரஷ், இந்த இடம், இந்த அழுத்தம்’ என்று கோட்டின் விவரத்தை மட்டும் அனுப்பும், ஒவ்வொருவர் கணினியும் அதைத் தானே வரைந்துகொள்ளும். நீங்கள் போடும் கோடு உங்கள் திரையில் உடனே விழும், மற்றவர்களுடையது கொஞ்சம் கழித்து வந்து சேரும், யாருடையது முதலில் என்ற வரிசையைப் பின்னால் சரிசெய்துகொள்ளும். ஆரம்பத்தில் சொன்னேனே, நொடிக்கு இரண்டரை கிலோபைட் என்று. அந்தச் சின்னப் பாரத்தை மட்டும் ஊர் தாண்ட வைத்துவிட்டுப் பெரிய பாரத்தை அவரவர் வீட்டிலேயே சுமக்கச் செய்வது இது. எனக்குப் பிடித்த விடை இதுதான். கையும் பிரஷ்ஷும் ஒரே மேசையில் இருக்கட்டும். கோப்பை உங்களிடம் தர ஒப்பந்தம் அனுமதித்தால், வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக் கணினியிலேயே வரைந்து திருப்பி அனுப்புங்கள். தொலைத்திரை, அதற்கு வழியில்லாதபோது செய்வது.

கேள்விகளுக்கு முன் ஒரு ஏற்பாடு. முன்மேசையில் இரண்டு டேப்லெட்டுகள் இருக்கின்றன. இடதுபக்கத்தது இந்தக் கணினியிலேயே மாட்டியது. வலதுபக்கத்தது மும்பையில் வாடகைக்கு எடுத்த கணினியில் ஓடும் கிரிட்டாவோடு பேசுகிறது, லேன் கேபிளில்தான் இணைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே கண்ணிமையை வரைந்து பாருங்கள், முதலில் மெதுவாக, பிறகு ஒரே இழுப்பில். முதல் வரிசையிலிருந்து மூன்று மூன்று பேராக வாருங்கள். பேனா முனைகள் சின்னவை, கீழே விழுந்தால் கிடைக்காது, கழற்றிப் பார்க்க வேண்டாம்.